ஆணா, பெண்ணா? கேம் கேட்கும் முதல் கேள்வி

ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் ரோல் பிளேயிங் கேம் (சுருக்கமாக ஆர்பிஜி) ஒன்றை முதல்முறை திறந்தால் வாளும் வராது, எதிரியும் வரமாட்டான். முதலில் ஒரு திரை வந்து நிற்கும். பெயர் என்ன, முகம் எப்படி இருக்க வேண்டும், மூக்கைக் கொஞ்சம் நீட்டட்டுமா, தலைமுடி என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே போகும். அந்தக் கேள்விகளில் பெரியதாகத் தோன்றுவது ‘ஆணா, பெண்ணா’ என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் பலர் அங்கேயே கால் மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். தப்பாக அமுக்கிவிட்டால் அப்புறம் மாற்ற முடியுமா, பெண்ணாக ஆடினால் பலம் குறையுமா, கதை வேறாகிவிடுமா, பார்க்கிறவர்கள் கேலி செய்வார்களா என்று ஏகப்பட்ட சந்தேகம்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பையன்களிடம் கேம் என்றால் பெரும்பாலும் மொபைலில் சுடுகிற கேம்தான். அதில் யாராக இருந்தாலும் குண்டு ஒரே மாதிரிதான் பாயும். ஆணா பெண்ணா என்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆர்பிஜி வேறு வழியாக ஊருக்குள் வருகிறது. விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் லேப்டாப்பை வளவில் விரித்து வைத்து ஆட, உள்ளூர்ப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அவர்களுக்கும், பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆர்பிஜியின் மூலம் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம் அது. கம்ப்யூட்டர் ஆர்பிஜிகள் எல்லாம் அதன் வாரிசுகள். நம் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்பதைப் பொறுத்துத் தர்க்கம் வேறு வேறு திசையில் போகும். ஆர்பிஜியில் கதையை எழுதியவர் ஒருவர், அந்தப் பார்ட்டை எடுத்துக்கொள்பவர் நீங்கள். எந்தப் பார்ட் என்று முதலிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

எதிர்ப்பால் வேடம் போடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். பாய்ஸ் கம்பெனி காலத்தில் மேடையில் பெண் வேடம் கட்டியவர்கள் பையன்கள்தான். கே.பி. சுந்தராம்பாள் 1935இல் திரையில் நந்தனாராகவே வந்தார். அதனால் காலேஜ் படிக்கும் பையன் பெண் கேரக்டரை எடுத்தால் ‘என்னடா இது’ என்று புருவத்தைத் தூக்கும் பெரியவர்கள் கொஞ்சம் நினைவைப் பின்னால் ஓட்டிப் பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லா கேமும் கேட்பது ஒரே கேள்விதான். ஆனால் உங்கள் பதிலை வாங்கிக்கொண்டு கேம் உள்ளே என்ன செய்கிறது என்பது கேமுக்குக் கேம் மாறும். இது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பதில் வெறும் உருவத்தோடு நிற்கும் கேம்கள்

2011இல் வந்த ஸ்கைரிமை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து இனங்கள், ஒவ்வொன்றிலும் ஆண், பெண் உண்டு. எதை எடுத்தாலும் பலம், மந்திரம், ஓட்டம் எதிலும் வித்தியாசம் இல்லை. ஊர்க்காரர்கள் கூப்பிடும் விதத்தில் அங்கங்கே ஒரு வார்த்தை மாறும், அவ்வளவுதான். எல்டன் ரிங்கும் (2022) இந்த வகைதான்.

ஸ்டார்ட்யூ வேலியும் (2016) அப்படியே. தாத்தா விட்டுப்போன பண்ணைக்கு வந்து வெள்ளாமை பார்க்கும் கேம் அது. கல்யாணம் செய்துகொள்ள ஊரில் 12 பேர் இருக்கிறார்கள். நீங்கள் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் அந்த 12 பேரில் யாரையும் கட்டிக்கொள்ளலாம். மாறுவது ஒரே இடத்தில்தான்: ஆணும் பெண்ணும் ஜோடி என்றால் குழந்தை பிறக்கும், ஒரே பாலினத்து ஜோடி என்றால் குழந்தையைத் தத்து எடுத்துக்கொள்வார்கள். பிள்ளை கூட்டிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் செட்டிநாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்த மாதிரி கேம்களில் யோசிக்கவே வேண்டாம். கை எதை அமுக்குகிறதோ அதை அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

ஆனால் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ‘பெண்ணாக ஆடினால் பலம் குறையுமா’ என்ற சந்தேகத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1978இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப் புத்தகத்தில் பெண் கேரக்டரின் உடல் பலத்துக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரிலும் கொஞ்ச காலம் அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்கைரிமின் அண்ணன்மார்களான மாரோவிண்டிலும் (2002) ஆப்லிவியனிலும் (2006) ஒரே இனத்து ஆணுக்கும் பெண்ணுக்கும் தொடக்கப் புள்ளிகள் கொஞ்சம் வேறாக இருக்கும். இன்றைய பெரிய கேம்களில் அநேகமாக இது கிடையாது. எண்ணைப் பார்த்துப் பால் தேர்ந்தெடுக்கும் காலம் போய்விட்டது. இது எனக்கு நல்ல மாற்றமாகவே படுகிறது. நெருப்பை உமிழும் டிராகனைக் கத்தியால் குத்திக் கொல்லும் உலகத்தில் பெண்ணுக்கு மட்டும் நிஜத்தின் கணக்கைப் போட்டது வேடிக்கைதான்.

சில கதவு திறக்கும், சில கதவு மூடும்

இரண்டாவது வகையில் உங்கள் பதில் கதைக்குள்ளேயே வேலை செய்யும். கேமின் சேவ் ஃபைலுக்குள் நீங்கள் சொன்ன பதில் ஒரு குறிப்பாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு ஆளிடம் பேசும்போதும் கேம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வசனத்தை எடுக்கும். ‘அவன் வந்துவிட்டானா’ என்பதா, ‘அவள் வந்துவிட்டாளா’ என்பதா என்று முடிவு செய்வதும் அதுதான்.

இது அதிகமாகத் தெரிவது காதல் விஷயத்தில். மாஸ் எஃபெக்ட் (2007) முதல் பாகத்தில் நீங்கள் கமாண்டர் ஷெப்பர்டு, விண்கப்பலின் தலைவர். ஆண் ஷெப்பர்டு என்றால் ஆஷ்லியோடு காதல் வரலாம். பெண் ஷெப்பர்டு என்றால் கெய்டனோடு. லியாரா மட்டும் இரண்டு பேருக்கும் பொது. இரண்டாம் பாகத்தில் கேரஸ் என்ற கதாபாத்திரத்தைப் பெண் ஷெப்பர்டுதான் காதலிக்க முடியும், டாலியை ஆண் ஷெப்பர்டுதான். கேரஸ்மேல் உயிரை வைத்திருக்கும் ரசிகர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவனுக்காகவே பெண் ஷெப்பர்டை எடுக்கிறவர்களும் உண்டு.

டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸில் (2009) இது அரசியல் வரைக்கும் போகும். பிரபு வீட்டு மனிதராகத் தொடங்கிப் பெண்ணாக ஆடினால், சரியான காயை நகர்த்தி, அரியணைக்கு உரிமையுள்ள அலிஸ்டரைக் கட்டிக்கொண்டு ராணி ஆகலாம். ஆணாக ஆடினால் அரசி அனோராவைக் கட்டிக்கொண்டு அரியணைக்குப் பக்கத்தில் உட்காரலாம். இரண்டும் கல்யாணப் பேச்சுவார்த்தைதான். முறை பார்த்து, சீர் பேசி முடிக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சிகளில் ஆட்டம் சூடு பிடிக்கும்.

ஃபால்அவுட் 3இல் (2008) கொஞ்சம் குறும்பு. லெவல் ஏறும்போது கிடைக்கும் திறமைகளில் ஒன்று ஆணுக்கு ‘லேடி கில்லர்’ என்ற பெயரிலும் பெண்ணுக்கு ‘பிளாக் விடோ’ என்ற பெயரிலும் வரும். எதிர்ப்பால் எதிரிகளுக்கு 10 சதவீதம் கூடுதல் அடி, கூடவே சில இடங்களில் தேனாகப் பேசிக் காரியம் சாதிக்கும் வசனங்கள். அந்த உலகத்தில் எதிரிகளில் ஆண்கள் நிறைய என்பதால் பெண்ணாக ஆடுவதே லாபம் என்று கணக்குப் போடுகிறவர்களைப் பார்க்கலாம். செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளை மூளை உள்ளவர்களுக்கு இந்தத் தகவல் போதும்.

இன்னும் பழைய முறை ஒன்று உண்டு: தொழிலையும் பாலையும் சேர்த்துக் கட்டிவிடுவது. முதல் டயாப்லோவில் வில்லாளி பெண், வீரன் ஆண், மந்திரவாதி ஆண். வில் பிடித்தவர்களுக்குப் பெண்ணைத் தவிர வேறு வழியில்லை. டயாப்லோ 3இல் (2012) ஒவ்வொரு தொழிலிலும் இரண்டும் வந்துவிட்டன. ராக்னராக் ஆன்லைனில் வில்லாளி உயர்ந்தால் ஆண் பாணனாவான், பெண் நடனக்காரியாவாள், திறமைகளே வேறு. இந்த மாதிரி கேம் கையில் கிடைத்தால் ஆணா பெண்ணா என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை செய்ய ஆசை என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேறு கதையே வரும் கேம்கள்

பெர்சோனா 3 போர்ட்டபிள் (2009) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மூல கேமில் நாயகன் பையன் மட்டும்தான். இந்தப் பதிப்பில் பெண்ணையும் சேர்த்தார்கள். பெண்ணாக ஆடினால் பழகும் நண்பர்களில் பலர் மாறுவார்கள், பின்னணி இசை மாறும், மெனுவின் நீல நிறம்கூட இளஞ்சிவப்பாகிவிடும். ஒரு முறை முடித்தவர்கள் இன்னொரு முறை ஆடக் காரணம் இருந்தது. 2024இல் அதே கதையைப் புதிதாக எடுத்த பெர்சோனா 3 ரீலோடில் அந்தப் பெண் இல்லை. ரசிகர்கள் வருத்தப்பட்டதில் நியாயம் இருக்கிறது என்பேன்.

அசாசின்ஸ் கிரீட் ஒடிஸியில் (2018) தொடக்கத்தில் அக்காவா தம்பியா என்று கேட்பார்கள்: கசாண்ட்ரா, அலெக்சியோஸ். நீங்கள் எடுக்காத ஆள் காணாமல் போய்விடமாட்டார், எதிரணியில் நிற்பார். மொபைலிலும் கிடைக்கும் ஜென்ஷின் இம்பாக்டில் (2020) இதே ஏற்பாடு. இரட்டையரில் ஒருவரை எடுத்தால் இன்னொருவரைப் பறிகொடுத்துவிட்டுத் தேடி அலைவதுதான் கதை. ஆக, இங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது இரண்டு விஷயம்: யாராக இருக்கப்போகிறீர்கள், யாரைத் தேடப்போகிறீர்கள். கதாசிரியர்களின் கெட்டிக்காரத்தனம் இது. செலவும் மிச்சம், செய்துவைத்த உருவம் இரண்டும் வீணாகவில்லை.

கேட்கவே கேட்காத கேம்களும் இருக்கின்றன. விட்சர் 3இல் (2015) நீங்கள் கெரால்ட் என்ற ஆண். நடுவில் சில கட்டங்களில் சிரி என்ற பெண். புனேயில் உருவான ராஜியில் (2020) தம்பியைத் தேடும் பெண். டொரன்டோவில் உருவான வெண்பாவில் (2023) கனடாவில் சமைக்கும் தமிழ்த் தாய். பின்னவை இரண்டும் முழு ஆர்பிஜி இல்லை என்றாலும், இன்னொருவரின் தோலுக்குள் போய் நிற்கும் அனுபவத்தைத் தருவதில் குறைவில்லை. வெண்பாவை ஆடிய மீசைக்காரர் யாரும் ‘எனக்கு ஆண் கேரக்டர் கொடுங்கள்’ என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

முகத்தைப் பார்க்காதே, குரலைக் கேள்

இப்போது என் யோசனை. புதிதாக வருகிறவர்கள் முகத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்வதிலேயே நேரத்தைப் போக்குகிறார்கள். ஆட்டம் தொடங்கியபின் அந்த முகம் எங்கே தெரியப்போகிறது? பெரும்பாலான ஆர்பிஜியில் கேமரா முதுகுக்குப் பின்னால்தான் நிற்கும். எண்பது மணி நேரம் ஆடினால் எண்பது மணி நேரமும் பின்னந்தலையையும் முதுகில் தொங்கும் கேடயத்தையும்தான் பார்ப்பீர்கள். சைபர்பங்க் 2077இல் (2020) அதுகூட இல்லை. கண் வழியாகவே உலகம் தெரியும். கண்ணாடி முன் நின்றால், பைக் ஓட்டினால் என்று சில நேரம்தான் உங்கள் ஆளை நீங்களே பார்க்க முடியும்.

குரல் அப்படியில்லை. பேசும் நாயகன் உள்ள கேம் என்றால், ஒவ்வொரு வசனமும் அந்தக் குரலில்தான் வரும். மாஸ் எஃபெக்டில் ஆண் ஷெப்பர்டுக்கு மார்க் மீர், பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேல். ஷெப்பர்டின் அத்தனை வசனத்தையும் இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரே வரியை இருவர் வாயிலும் கேட்டால் ஆளே மாறிவிடுவது தெரியும். மீர் அடக்கமான பட்டாளத்துக்காரர். ஹேல் கோபப்பட்டால் எதிரில் நிற்கும் ஆள் ஒரு அடி பின்னால் போவான் என்று நம்பத் தோன்றும்.

என் அண்ணன் மகள் பட்டாலையில் உட்கார்ந்து பெண் ஷெப்பர்டை ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவள் அப்பத்தாவுக்குத் திரை தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். இங்கிலீஷும் தெரியாது. கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு அங்கிருந்தே கேட்டார்: “ஏத்தா, யாரது இந்த அதட்டு அதட்டுறவ?”

“பட்டாளத்துக் கமாண்டர், அப்பத்தா.”

“நம்ம பெரிய வீட்டு ஆச்சி மாதிரியில்ல பேசுது. எதிர்ல நிக்கிறவன் பாவம்.”

மொழி தெரியாத காதுக்கே அந்த அதிகாரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன்: குரல் மாதிரியைக் கேட்கும் வசதி இருந்தால் (பால்டர்ஸ் கேட் 3இல் இருக்கிறது) முதலில் அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் யூடியூபில் முதல் பத்து நிமிடக் காட்சியை இரண்டு குரலிலும் ஓட்டிப் பாருங்கள். எது காதில் சலிக்காமல் இருக்கிறதோ, அதுதான் உங்கள் ஆள்.

இத்தனைக்கும் மாஸ் எஃபெக்டின் விளம்பரங்களில் பல ஆண்டு முன்னால் நின்றவர் ஆண் ஷெப்பர்டுதான். மூன்றாம் பாகத்தில் (2012) அட்டையைத் திருப்பிப்போட்டால் பெண் ஷெப்பர்டு வரும்படி செய்தார்கள். 2021இல் மூன்று பாகங்களும் சேர்ந்து புதுப்பித்து வந்தபோது அதை உருவாக்கிய பயோவேர் வெளியிட்ட கணக்குப்படி 68 சதவீதம் பேர் ஆண் ஷெப்பர்டையும் 32 சதவீதம் பேர் பெண் ஷெப்பர்டையும் எடுத்தார்கள். முன்னால் எதை நிறுத்துகிறார்களோ அதையே பலர் அமுக்கிவிட்டுப் போகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பெயர் போடும் இடத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கும் பெயரை அப்படியே விட்டுவிட்டு ஓகே அமுக்குகிறோமே, அந்தச் சோம்பல்தான்.

உடல், குரல், அழைப்பு

அண்மைக்கால கேம்களில் இன்னொரு மாற்றத்தைப் பார்ப்பீர்கள். ஆண், பெண் என்ற இரண்டு பொத்தானுக்குப் பதில் ‘டைப் ஏ’, ‘டைப் பி’ என்று இருக்கும். எல்டன் ரிங்கில் அப்படித்தான். பார்த்துக் குழம்ப வேண்டாம். உடல்வாகு, குரல், மற்றவர்கள் எப்படி அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் முன்பு ஒரே முடிச்சாகப் போட்டிருந்தார்கள். இப்போது முடிச்சை அவிழ்த்துத் தனித்தனியாகக் கொடுக்கிறார்கள்.

பால்டர்ஸ் கேட் 3இல் (2023) நான்கு உடல்வாகுகள். அது வேறு, குரல் வேறு, ஆணா பெண்ணா இரண்டிலும் சேராதவரா என்பது வேறு. மூன்றாவது தேர்வு புதுமை என்று நினைத்துவிடாதீர்கள். 1983இல் வந்த அல்டிமா 3இலேயே ஆண், பெண், மற்றவர் என்று மூன்று இருந்தது. திருநங்கை, திருநம்பி ஆட்டக்காரர்களுக்கு இந்தத் தனித்தனி ஏற்பாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்கும் பயன் உண்டு: பிடித்த குரல் ஒன்று, பிடித்த உடல் ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

சைபர்பங்கில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள். அங்கே தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, பின்னால் காதல் வரும்போது அதை வைத்தே கதவை மூடுவார்கள். காதலிக்கக்கூடியவர்களில் ஜூடிக்குப் பெண் உடலும் பெண் குரலும் இருக்க வேண்டும். கெர்ரிக்கு ஆண் உடலும் ஆண் குரலும். பனாம், ரிவர் இருவரும் உடலை மட்டும் பார்ப்பார்கள், குரலைக் கண்டுகொள்ள மாட்டார்கள். மற்றவர்கள் உங்களை அவன் என்பதா அவள் என்பதா என்று முடிவு செய்வதோ குரலை வைத்து. இது தெரியாமல் இருபது மணி நேரம் ஜூடி பின்னால் அலைந்துவிட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஆன்லைனில் ஆடும்போது

தனியாக ஆடும் கேமில் உங்கள் தேர்வு உங்களோடு. பலர் சேர்ந்து ஆடும் கேமில் மற்றவர் கண் படும். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 375 பேரை ஆடவிட்டுப் பார்த்தார்கள். ஆண்களில் 23 சதவீதம் பேர் பெண் கேரக்டரை எடுத்தார்கள். பெண்களில் 7 சதவீதம் பேர்தான் ஆண் கேரக்டரை எடுத்தார்கள். ஆக, திரையில் தெரியும் பெண்ணை ஓட்டுவது பையனாக இருப்பது சர்வ சாதாரணம். பெண் உருவத்தைப் பார்த்ததும் வழிந்துகொண்டு வாளும் கவசமும் இலவசமாகக் கொடுக்கும் அண்ணன்மார்கள் இதை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

போட்டுக்கொள்ளும் உருவம் நம்மையும் கொஞ்சம் மாற்றும் என்பதற்கும் ஆராய்ச்சி உண்டு. 2007இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் செய்த சோதனையில், மெய்நிகர் உலகத்தில் உயரமான உருவம் கிடைத்தவர்கள் பணத்தைப் பங்கு பிரிக்கும் பேச்சில் குட்டை உருவக்காரர்களைவிடத் துணிச்சலாக நடந்துகொண்டார்கள். இதற்கு ‘புரோட்டியஸ் விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். அது உயரம் பற்றிய சோதனை, பால் பற்றியது இல்லை. ஆனாலும் வேடம் நம் நடையை மாற்றும் என்ற அளவில் மேடை ஏறிய எந்த நடிகரும் இதற்குத் தலையாட்டுவார்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெண் பெயர், பெண் உருவம், மைக்கில் பெண் குரல் மூன்றும் சேர்ந்தால் தேவையில்லாத தொல்லை வரும் இடங்கள் ஆன்லைனில் இருக்கின்றன. அதற்காக ஆண் கேரக்டருக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். உருவம் பிடித்தபடி இருக்கட்டும். பெயரில் உங்கள் சொந்தப் பெயரோ ஊர்ப் பெயரோ வேண்டாம். மைக்கைத் தெரிந்தவர்களோடு சேர்ந்து ஆடும்போது மட்டும் திறங்கள். தொல்லை கொடுப்பவனிடம் வாக்குவாதம் பண்ணாமல் மியூட் செய்து, பிளாக் செய்து, ரிப்போர்ட்டும் அடித்துவிடுங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஐந்து விநாடிகூட ஆகாது. அவனைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை.

பையன்களுக்கும் ஒன்று. பெண் கேரக்டரை எடுத்தால் நண்பர்கள் ‘பொம்பளப் புள்ளையாடா நீ’ என்று கலாய்ப்பார்கள் என்ற பயத்திலேயே ஆணை அமுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போக்கிமோனில் தொடக்கத்தில் பையன் மட்டும்தான் இருந்தான். பெண்ணாக ஆடலாம் என்று வந்தது 2000இல், கிரிஸ்டல் பதிப்பில். அதுவரை உலகம் முழுக்கப் பெண் பிள்ளைகள் பையனாகவே ஆடினார்கள். யாரும் அவர்களைக் கலாய்த்ததாகத் தெரியவில்லை.

நடுவில் மனசு மாறினால்

பயப்பட வேண்டாம், பல கேம்களில் வழி இருக்கிறது. அசாசின்ஸ் கிரீட் வால்ஹாலாவில் (2020) மெனுவுக்குப் போய் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ‘நீயே பார்த்து முடிவு செய்’ என்று கேமிடமே விட்டுவிடும் தேர்வும் அதில் உண்டு; முதல் முறை ஆடுகிறவர்களுக்கு அதையே சொல்வேன், கதைக்குப் பொருத்தமாக இருக்கும். ஸ்டார்ட்யூ வேலியில் மந்திரவாதியோடு நன்றாகப் பழகினால் அவர் நிலவறைக்குள் விடுவார். அங்கே 500 காசு கொடுத்து உருவம், பால் எல்லாவற்றையும் மாற்றலாம். டார்க் சோல்ஸ் 2இல் (2014) தொடக்க இடத்திலேயே ஒரு சவப்பெட்டி கிடக்கும். அதற்குள் படுத்து எழுந்தால் ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் வருவார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, தற்செயலாகப் படுத்தவர்கள்தான் அலறிக்கொண்டு எழுந்தார்கள். பால்டர்ஸ் கேட் 3இல் முகாமில் ஒரு மாயக் கண்ணாடி இருக்கும், குரலையும் அழைப்பையும் அதில் மாற்றலாம். எல்டன் ரிங்கிலும் கண்ணாடிதான்.

ஸ்கைரிமில் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்கள் கட்டளை அடிக்கும் கன்சோல் திரையில் ‘ஷோரேஸ்மெனு’ என்ற கட்டளையை இங்கிலீஷில் அடித்தால் முதல் திரை திரும்ப வரும். அடிப்பதற்கு முன் சேவ் செய்துகொள்ளுங்கள்; இனத்தையும் சேர்த்து மாற்றினால் திறமைப் புள்ளிகள் கலைந்துபோகலாம். மற்ற கருவிகளில் 1000 காசு வாங்கிக்கொண்டு முகத்தை மட்டும் திருத்தித் தரும் ஒரு பெண்மணி உண்டு, பாலை அவர் தொடமாட்டார். ஒடிஸியில் மாற்ற முடியாது. ஜென்ஷினிலும் முடியாது, வேறு கணக்குத் திறந்து முதலிலிருந்துதான் வர வேண்டும். கேம் இலவசம், டவுன்லோடுக்குப் போகும் டேட்டாதான் செலவு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் சுவர் தடிமனுக்கு இரண்டாம் கட்டில் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. போனை எடுத்துக்கொண்டு முகப்புத் திண்ணைக்கு வந்துவிடுங்கள், சீக்கிரம் இறங்கிவிடும்.